கேரில் சர்ச்சில்: எந்த நாடகத்தில் தொடங்கலாம்?

இன்றைய பிரிட்டிஷ் நாடகாசிரியர்களில் ஒரே ஒருவரைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது, யாரைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் கேரில் சர்ச்சில். உடனே அடுத்த கேள்வி வரும்: சரி, அவருடைய எந்த நாடகம்? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

ஒரு எழுத்தாளரிடம் நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் தொடர்ச்சி இவரிடம் கிடைக்காது. 1987-இல் லண்டன் பங்குச்சந்தை ஆட்களைச் செய்யுளில், எதுகையோடு சண்டை போட வைத்தவர், 2002-இல் ஓர் அப்பாவையும் மகனையும் நிறுத்தக்குறி குறைவான அரைகுறை வாக்கியங்களில் பேச வைத்தார். ஒரு நாடகம் பத்தே நிமிடம். இன்னொன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், அவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஒன்று பிடித்துப்போனால் அடுத்ததும் பிடிக்கும் என்று நம்ப முடியாது. ஒன்று பிடிக்கவில்லை என்று ஆளையே ஒதுக்கவும் முடியாது. ஆனால் நடைமுறையில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் முதலில் எதை எடுக்கிறோம் என்பது இவர் விஷயத்தில் இவ்வளவு முக்கியம்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 'டாப் கேர்ள்ஸ்'. பிரிட்டனில் பள்ளி மாணவர்களே பாடமாகப் படிக்கும் நாடகம் அது. நல்ல பதில்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்த நாடகங்களை லண்டனில் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. புத்தகம் வாங்கி, ஆங்கிலத்தில், தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம். மேடையில் ஜொலிக்கும் எல்லா நாடகமும் தாளிலும் ஜொலிப்பதில்லை. அதை மனதில் வைத்துப் பார்த்தால் வேறு நாடகங்கள் முன்னால் வருகின்றன.

எப்படி என்று புரிய அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1938 செப்டம்பரில் லண்டனில் பிறந்தவர். அப்பா பத்திரிகைக்கு அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர், அம்மா நடிப்பிலும் மாடலிங்கிலும் இருந்தவர். போருக்குப் பிறகு குடும்பம் கனடாவுக்குப் போய் மாண்ட்ரியலில் குடியேறியது. அங்கே பள்ளிப்படிப்பு. பிறகு இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹாலில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1958-இல், மாணவியாக இருக்கும்போதே, முதல் நாடகம் மேடையேறியது. 1961-இல் திருமணம், அப்புறம் மூன்று மகன்கள்.

1960-களில் அவர் எழுதியதில் பெரும்பகுதி பி.பி.சி. வானொலிக்கு. வாழ்க்கைக் குறிப்புகள் இந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுத முடிந்த வடிவம் வானொலி நாடகம். ஆனால் அவருடைய காது தயாரானது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வானொலியில் முகம் இல்லை, உடை இல்லை, பேச்சு மட்டும்தான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழுவது, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ சொல்வது, எல்லாவற்றையும் காதால் மட்டுமே எழுதியாக வேண்டும். நாற்பது வருடம் கழித்து எழுதிய நாடகங்களிலும் அந்தப் பயிற்சி தெரிகிறது.

1972-இல் 'ஓனர்ஸ்' லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரின் மேல்மாடியில் உள்ள சின்ன அரங்கில் நடந்தது. இரண்டு வருடம் கழித்து அதே தியேட்டர் அவரைத் தன்னோடு இருந்து எழுதும் நாடகாசிரியராக (ரெசிடென்ட் டிராமடிஸ்ட்) வைத்துக்கொண்டது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 1976-இல் இரண்டு குழுக்களோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் எழுதும் முறையே மாறியது. ஜாயின்ட் ஸ்டாக் குழுவோடு இங்கிலாந்தின் 1640-களின் உள்நாட்டுப் போரைப் பற்றி 'லைட் ஷைனிங் இன் பக்கிங்ஹாம்ஷையர்', மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட் என்ற பெண்ணியக் குழுவோடு சூனியக்காரி வேட்டையைப் பற்றி 'வினிகர் டாம்'. ஜாயின்ட் ஸ்டாக்கின் வழக்கம் என்னவென்றால், நடிகர்கள், இயக்குநர், நாடகாசிரியர் எல்லோரும் சேர்ந்து சில வாரம் பட்டறை நடத்துவார்கள். படிப்பார்கள், ஆட்களைப் போய்ப் பார்ப்பார்கள், சொந்தக் கதைகளைப் பேசுவார்கள், நடித்துப் பார்ப்பார்கள். பிறகு நாடகாசிரியர் தனியாகப் போய் எழுதிக்கொண்டு வருவார். அப்புறம்தான் ஒத்திகை.

எனவே 1970-கள், 80-களின் சர்ச்சில் நாடகங்கள் ஒரு கூட்டத்துக்குள் பிறந்தவை. ஒரே நடிகர் மூன்று வேடம் போடுவார், ஆண் பெண்ணாக வருவார், பாட்டு வரும். 1997-க்குப் பிறகு எழுதியவை பெரும்பாலும் வேறு வகை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும், ஆட்கள் குறைவு, விளக்கம் அதைவிடக் குறைவு. என் தேர்வு இந்தப் பிரிவை வைத்துத்தான். கூட்டத்தில் பிறந்ததைக் கூட்டமாகப் படிக்க வேண்டும். சுருங்கியதைத் தனியாகப் படிக்கலாம்.

இனி 'டாப் கேர்ள்ஸ்'. 1982-இல் ராயல் கோர்ட்டில், மேக்ஸ் ஸ்டாஃபோர்டு-கிளார்க் இயக்கத்தில் வந்தது. மார்கரெட் தாட்சர் பிரதமராகி மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு ஏஜென்சி ஒன்றில் மார்லீனுக்கு நிர்வாக இயக்குநராகப் பதவி உயர்வு கிடைக்கிறது. அதைக் கொண்டாட ஒரு சனிக்கிழமை ராத்திரி ரெஸ்டாரன்டில் விருந்து வைக்கிறாள். வருகிற விருந்தாளிகள் யாரும் அவள் காலத்து ஆட்கள் இல்லை. நடுவயதுக்கு மேல் உலகம் சுற்றிய விக்டோரியா காலத்துப் பயணி இசபெல்லா பேர்ட். 13-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பேரரசரின் ஆசைநாயகியாக இருந்து, பின்னர் புத்தத் துறவியாகி நாடு முழுக்க நடந்த நிஜோ. 9-ஆம் நூற்றாண்டில் ஆண் வேடமிட்டுப் போப்பாண்டவர் ஆனதாகக் கதை வழங்கும் ஜோன். ப்ரூகலின் ஓவியத்தில் கவசம் மாட்டிக்கொண்டு நரகத்துக்குள் புகும் கிரெட். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் கணவன் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் வாய் பேசாத கிரிசெல்டா.

கேட்டால் கலகலப்பான காட்சி போல இருக்கும். சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் யாரும் யார் பேசுவதையும் முழுதாகக் கேட்பதில்லை. ஒருத்தி தன் குழந்தை பறிபோனதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி தன் பயணக் கதையை ஆரம்பித்துவிடுகிறாள். போப் ஜோன் ஊர்வலத்தின் நடுவே பிள்ளை பெற்றுக் கல்லடி பட்டுச் செத்ததை வேடிக்கைக் கதை மாதிரி சொல்கிறாள். உணவு பரிமாறும் பெண் வருகிறாள், போகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெண்களின் வெற்றியைக் கொண்டாடும் மேஜையில் வேலை செய்கிறவளைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. சர்ச்சில் இதைச் சுட்டிக்காட்டி வசனம் எதுவும் வைக்கவில்லை. பார்க்கிறவர் கவனித்தால் உண்டு.

அந்த விருந்துக்குப் பிறகு நாடகம் யதார்த்தத்துக்கு இறங்குகிறது. ஏஜென்சி ஆபீஸ், கிழக்கு இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் மார்லீனின் அக்கா ஜாய்ஸின் வீடு, படிப்பு ஏறாத ஏஞ்சி என்ற பதினாறு வயதுப் பெண். கடைசி அங்கம் ஒரு வருடம் பின்னால் போகிறது. அக்காவும் தங்கையும் சமையலறையில் குடித்துக்கொண்டே போடும் சண்டை. ஏஞ்சி உண்மையில் யார் பெற்ற பெண் என்பதும், மார்லீன் ஏறிய ஏணியைக் கீழே இருந்து பிடித்துக்கொண்டிருந்தது யார் என்பதும் அங்கே வெளியே வருகின்றன. தாட்சரை மார்லீன் புகழும்போது, முதல் பெண் பிரதமர் என்பதால் மட்டும் என்ன லாபம், அது அவளாக இருக்கும்போது, என்கிற மாதிரி ஜாய்ஸ் திருப்பிக் கேட்கிறாள். மேலே போன பெண்ணுக்குக் கைதட்டும் நாடகம் என்று நினைத்து வந்தவர்கள், அவள் மேலே போனதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதை முதலில் படிக்காதீர்கள் என்று ஏன் சொல்கிறேன்? முதல் காட்சிதான் காரணம். ஒருவர் பேச்சில் இன்னொருவர் எந்தச் சொல்லுக்குப் பிறகு குறுக்கிட வேண்டும் என்பதைக் காட்ட, சர்ச்சில் வசனத்தின் நடுவே ஒரு சாய்கோடு போடுகிறார். உடனே முந்தினதற்கு இல்லாமல், அதற்கும் முன்னால் வந்த பேச்சுக்குப் பதில் சொல்கிற இடத்தில் நட்சத்திரக் குறி. இன்று ஆங்கில நாடக எழுத்தில் பலரும் பின்பற்றுகிற முறை இது, பிரபலமாக்கியவர் அவர்தான். நடிகர்களுக்கு அருமையான கருவி. தனியாகப் படிக்கிறவருக்கோ, ஒரே பக்கத்தில் ஆறு குரல்களைக் கண்ணால் பிரித்துக் கேட்க வேண்டிய பாடு. போதாக்குறைக்கு அந்த ஐந்து விருந்தாளிகளும் யார் என்று முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது பக்கத்தில் களைத்துப்போய் மூடிவைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைசி அங்கத்தின் சமையலறைச் சண்டை வரை வராமல் மூடினால் நாடகத்தையே படிக்காத மாதிரிதான். பதினாறு வேடங்கள், ஏழு நடிகைகளே எல்லாவற்றையும் போட்டுவிடலாம். அந்த எண்ணிக்கைக்குப் பக்கமாக வாசகர்கள் சேர்ந்தால் சத்தமாகப் படித்துப் பாருங்கள், வேறு நாடகமாகிவிடும். 1991-இல் பி.பி.சி. இதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தது. கிடைத்தால் விருந்துக் காட்சியை அதில் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருவது இன்னும் நல்லது.

'டாப் கேர்ள்ஸ்'க்கு மூன்று வருடம் முந்தைய 'கிளவுட் நைன்' பற்றியும் இதே குறைதான், இன்னும் கூடுதலாக. 1979-இல் ஜாயின்ட் ஸ்டாக் குழுவுக்காக, பாலியல் அரசியல் பற்றிய ஒரு பட்டறையிலிருந்து பிறந்தது. முதல் அங்கம் விக்டோரியா காலத்து ஆப்பிரிக்கக் காலனி ஒன்றில். துரை கிளைவ், அவன் மனைவி பெட்டி, வேலைக்காரன் ஜோஷுவா, மகன் எட்வர்டு. பெட்டியாக ஓர் ஆண் நடிக்க வேண்டும், ஏனென்றால் அவள் தன்னை ஆண்களின் கண்ணால் மட்டுமே பார்க்கப் பழகியவள். கறுப்பினத்தவனான ஜோஷுவாவாக ஒரு வெள்ளைக்காரர். எட்வர்டாக ஒரு பெண். குட்டி மகள் விக்டோரியா வெறும் பொம்மை. இரண்டாம் அங்கம் 1979-இன் லண்டனில். நூறு வருடம் போய்விட்டது, ஆனால் பாத்திரங்களுக்கு வயது இருபத்தைந்துதான் கூடியிருக்கிறது.

மேடையில் இது அற்புதமாக வேலை செய்யும் என்று நம்பலாம். நியூயார்க்கில் 1981-இல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆனால் தாளில் 'பெட்டி' என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது நம் மனம் ஒரு பெண்ணைத்தான் கற்பனை செய்கிறது. ஒவ்வொரு வரியிலும், இல்லை, இது பாவாடை கட்டிய ஆண், என்று நமக்கு நாமே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். நகைச்சுவையில் பாதி அதில்தான் இருக்கிறது, அது வாசிப்பில் நழுவிப்போகிறது. காலனியத்தையும் குடும்பத்தையும் ஒரே கட்டுமானமாகப் பார்க்கிற அந்த யோசனை காலனிய ஆட்சியைப் பார்த்த நம் ஊர் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ படியுங்கள்.

'சீரியஸ் மனி'யை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 1986-இல் லண்டன் நிதிச் சந்தையின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது வந்த பணவெறியைப் பற்றிய நாடகம். 1987-இல் பெரிய வெற்றி, லண்டன் நாடகங்களுக்கான ஆலிவியர் விருது வாங்கியது. கிண்டலுக்கு ஆளான தரகர்களே கூட்டம் கூட்டமாக வந்து ரசித்தார்கள் என்பது நையாண்டியின் வரம்பைப் பற்றி யோசிக்க வைக்கும் விஷயம். ஆனால் அந்தக் காலத்துச் சந்தைக் கொச்சையும் எதுகையும் சேர்ந்து, ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவரைப் படுத்தி எடுத்துவிடும். அதற்குப் பதில் 1983-இன் 'ஃபென்' எவ்வளவோ மேல். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தை வடித்து எடுத்த வயல்களில் உருளைக்கிழங்கு பொறுக்கும் கூலிப் பெண்கள், நிலம் கைமாறிக் கைமாறி எங்கோ இருக்கும் கம்பெனிகளுக்குப் போவது, காதலனோடு போக விரும்பும் வால் என்ற பெண் தன் பிள்ளைகளையும் விட முடியாமல் தவிப்பது. சர்ச்சில் பற்றிய பேச்சில் 'டாப் கேர்ள்ஸ்' இடத்தை அடைத்துக்கொள்வதால் இது ஓரத்தில் கிடக்கிறது. எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் 'ஃபென்'தான்.

இனி சுருங்கிய நாடகங்களுக்கு வருவோம். இங்கே போட்டி உண்மையில் இரண்டுக்குள்தான்: 'ஃபார் அவே', 'எ நம்பர்'.

'ஃபார் அவே' 2000-இல் ஸ்டீபன் டால்ட்ரி இயக்கத்தில் வந்தது. மேடையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று துண்டுகள். முதலில், ஜோன் என்ற சிறுமி ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து வருகிறாள். வெளியே கொட்டகையில் மாமா ஆட்களை அடிப்பதைப் பார்த்துவிட்டாள். அத்தை ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சமாதானம் சொல்கிறாள். சிறுமி இன்னும் கொஞ்சம் பார்த்ததைச் சொல்ல, அத்தையின் பொய் அதற்கேற்ப விரிகிறது. கடைசியில், மாமா செய்வது நல்ல காரியம், நீயும் இனி அதில் ஒருத்தி, என்று குழந்தையையே அணியில் சேர்த்துவிடுகிறாள். இரண்டாவதில் ஜோன் வளர்ந்து தொப்பி செய்யும் வேலையில் இருக்கிறாள். சம்பளம், நிர்வாக ஊழல் என்று சக தொழிலாளியோடு பேச்சு, இடையே காதலும் வருகிறது. தொப்பிகள் எதற்கு என்பது ஒரே ஒரு காட்சியில், வசனமே இல்லாமல் தெரிகிறது: மரண தண்டனைக்குப் போகும் கைதிகள் அவற்றை அணிந்து ஊர்வலமாக வருகிறார்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு எழுத்துப் பிரதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஐந்து பேர் போதாது, பத்தைவிட இருபது நல்லது, நூறு பேர் என்றால் எப்படி, என்று கேட்கும் தொனியில். அதன் பிறகு ஜோனின் வருத்தம், அவ்வளவு அழகான தொப்பிகளை உடல்களோடு சேர்த்து எரித்துவிடுகிறார்களே என்பது. மூன்றாவது துண்டில் உலகமே போரில் இருக்கிறது. பூனைகள் ஒரு கட்சி, மான்கள் ஒரு கட்சி, முதலைகள் ஒரு கட்சி. ஆறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அதில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது.

முதல் துண்டு நான் படித்த எந்த ஆங்கில நாடகத்தின் தொடக்கத்துக்கும் குறைந்ததில்லை. பெரியவர்கள் குழந்தையிடம் பொய் சொல்லும் அந்தத் தொனி யாருக்கும் அந்நியமில்லை. ஆனால் மூன்றாவது துண்டு ஒரு சோதனை. விலங்குகள் கட்சி சேரும் பேச்சைச் சிலர் சிரித்துக்கொண்டே படிப்பார்கள், சிலர் இது என்ன கிறுக்குத்தனம் என்று எரிச்சல்படுவார்கள். சர்ச்சில் மேல் ஏற்கெனவே நம்பிக்கை வந்தவருக்கு அது பயத்தைக் கொடுக்கும். புதிதாக வருகிறவருக்கு அந்த நம்பிக்கை இன்னும் வந்திருக்காது. இதை இரண்டாவதாகத் தள்ளிவைக்க இது ஒன்றே போதும்.

அப்போது மிஞ்சுவது 'எ நம்பர்'. 2002-இல் ராயல் கோர்ட்டில், மறுபடியும் டால்ட்ரிதான் இயக்கம். மைக்கேல் கேம்பன் அப்பா, டேனியல் கிரெய்க் மகன். இரண்டே நடிகர்கள், ஐந்து காட்சிகள், சுமார் ஒரு மணி நேரம். டாலி என்ற குளோனிங் ஆட்டுக்குட்டியின் (இன்னொரு ஆட்டின் மரபணுவிலிருந்து நகலாக உருவாக்கியது) செய்தி உலகத்தை உலுக்கி ஐந்து வருடம் ஆகியிருந்த காலம். சால்ட்டர் என்ற அப்பாவிடம் மகன் பெர்னார்டு வருகிறான். ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான்: தன்னைப் போலவே அச்சு அசலாக இன்னும் பல பேர் இருக்கிறார்கள். தான் மூலமா நகலா? அப்பா முதலில் அதிர்ச்சி அடைந்தவர் போலப் பேசுகிறார், நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா என்று கணக்குப் போடுகிறார். அப்புறம் ஒரு பொய், அதைச் சரிக்கட்ட இன்னொரு பொய். அடுத்த காட்சியில் வேறொரு மகன் வந்து நிற்கிறான், அதே முகம். இவன்தான் மூலம். நாலு வயதில் கைவிடப்பட்டவன்.

இதை அறிவியல் புனைவு என்று வகைப்படுத்திப் படித்தால் ஏமாற்றம்தான். ஆய்வுக்கூடம் எதுவும் கண்ணில் படாது, விஞ்ஞானி வருவதில்லை. ஓர் அப்பா பிள்ளை வளர்ப்பதில் தோற்றுப்போகிறார், தோல்வியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியும் என்று நினைக்கிறார். அந்த நினைப்பு எல்லாப் பெற்றோருக்கும் ஏதோ ஒரு ராத்திரியில் வந்திருக்கும். சால்ட்டரிடம் பணமும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் அதே முகத்தோடு மைக்கேல் பிளாக் என்ற மூன்றாவது ஆள் வருகிறார். கணக்கு வாத்தியார், சந்தோஷமான மனிதர். உன்னைப் பற்றி, உனக்கு மட்டுமே உரிய எதையாவது சொல் என்று சால்ட்டர் அவரைப் பிடுங்கி எடுக்கிறார். அவரோ மனைவியின் காதுகளைத் தனக்குப் பிடிக்கும் என்கிற மாதிரி எதையோ சொல்கிறார். நம் மரபணுவில் முப்பது சதவீதம் லெட்டூஸ் கீரைக்குப் பொதுவானது என்று தெரிந்தால் அது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது. சால்ட்டருக்கு அது போதவில்லை. மூன்று மகன்களையும் ஒரே நடிகர் தொனியாலும் உடல்மொழியாலும் வேறுபடுத்த வேண்டும். மேடையில் அது நடிகரின் சாகசம். படிக்கும்போதோ, யார் பேசுகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம். மூலமானவனின் ஆங்காரமும் நகலானவனின் நடுக்கமும் ஒரே சொற்களில்தான் வருகின்றன, ஆனாலும் குழப்பம் வராது. வானொலி நாட்கள் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

ஆங்கிலம் எப்படி என்று கேட்பீர்கள். முதல் பக்கம் மிரட்டும். பல வாக்கியங்கள் முடிவதில்லை, நிறுத்தக்குறிகள் குறைவு. ஆனால் சொற்கள் எல்லாம் எளிய சொற்கள். அகராதி தேட வேண்டிய இடம் கிட்டத்தட்ட இல்லை, தாட்சர் யார் என்றோ லண்டன் பங்குச்சந்தை எப்படி நடந்தது என்றோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. உதடு அசைத்து மெல்லப் படித்தால் இரண்டாவது பக்கத்திலேயே பிடி கிடைத்துவிடும். ஒரே அமர்வில் முடித்துவிடலாம், உடனே திரும்பவும் படிக்கலாம். அப்பாவின் பொய்கள் தெரிந்த பிறகு முதல் காட்சி வேறு மாதிரி கேட்கும். 2008-இல் டாம் வில்கின்சனும் ரீஸ் இஃபான்ஸும் நடித்துத் தொலைக்காட்சிப் படமாகவும் வந்திருக்கிறது. ஆனால் படத்தைப் பிறகு பார்ப்பது நல்லது. மகனுக்கு ஒரு முகம் வந்துவிட்டால் அந்த விளையாட்டு பாதி போய்விடும்.

குறை ஒன்று உண்டு. 'எ நம்பர்' மட்டும் படித்தவருக்குச் சர்ச்சில் அரசியல் எழுத்தாளர் என்பது தெரியாமலே போகலாம். இவரை ஒரு தனிமனித உளவியல் நாடகாசிரியர் என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால்தான் 'ஃபார் அவே'யை உடனே அடுத்ததாகச் சொல்கிறேன்.

அவருடைய அரசியலை நேராகப் பார்க்க விரும்புகிறவர்கள் சிலர் 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' கேட்பார்கள். 2009 ஜனவரியில், காசா மீதான இஸ்ரேலின் தாக்குதலின்போது எழுதியது, பத்து நிமிடம்தான். ஒரு பெண் குழந்தையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றிப் பேசுவது. யார் வேண்டுமானாலும் உரிமைத்தொகை இல்லாமல் நடத்தலாம், ஆனால் பாலஸ்தீன மருத்துவ உதவிக்குப் பணம் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டும், அதை மறுத்து எழுந்த ஆதரவும் இன்றுவரை ஓயவில்லை. 2022-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நாடக அரங்கு அவருக்கு அறிவித்த ஐரோப்பிய நாடக விருதைச் சில மாதங்களில் திரும்பப் பெற்றது. இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கத்துக்கு அவர் கொடுத்த ஆதரவு ஒரு காரணம், இந்த நாடகமும் பேச்சில் வந்தது. படிக்க வேண்டிய பிரதிதான். ஆனால் சர்ச்சையின் வழியாக ஒருவரை முதலில் சந்திப்பது நல்ல அறிமுகமில்லை. 'ஃபார் அவே'யின் முதல் துண்டைப் படித்த பிறகு இதற்கு வந்தால், குழந்தையிடம் என்ன சொல்வது என்ற அதே கேள்வி இவரை எவ்வளவு காலமாகத் துரத்துகிறது என்று தெரியும்.

ஆண்களும் பெண்களுமாக ஆறேழு பேர் சேர்ந்து படிக்கும் குழு என்றால் என் பதில் மாறும். 'டாப் கேர்ள்ஸ்' முழுக்கப் பெண் வேடங்கள். அதனால் கலந்த குழுவுக்கு 2012-இன் 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்'. சின்னச் சின்னக் காட்சிகள், சில நாலே வரி. எந்த வரி யாருடையது என்றே பிரதியில் போடவில்லை, இடமும் சொல்லவில்லை, குழுதான் முடிவு செய்ய வேண்டும். ஒரே காட்சியைக் கணவன் மனைவியாக ஒருமுறை, இரண்டு போலீஸ்காரர்களாக ஒருமுறை படித்துப் பார்க்கலாம். தனியாகப் படித்தால் கலைந்த சீட்டுக்கட்டு மாதிரிதான் இருக்கும், எனவே ஒற்றை வாசகருக்கு வேண்டாம். வயதானவர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு 2016-இன் 'எஸ்கேப்டு அலோன்' உண்டு. எழுபது தாண்டிய நாலு பெண்கள் தோட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். நடுவே ஒருத்தி எழுந்து உலகம் எப்படி அழிந்தது என்று செய்தி வாசிப்பது போலச் சொல்லிவிட்டு மறுபடி வந்து உட்காருகிறாள். இது மேடையேறியபோது சர்ச்சிலுக்கே எழுபத்தேழு வயது.

வாங்கும் விஷயம். தனித்தனிப் புத்தகங்களாகவும் கிடைக்கின்றன, தொகுதிகளாகவும் கிடைக்கின்றன. நான்காம் தொகுதியில் 'எ நம்பர்', 'ஃபார் அவே' இரண்டும் இருப்பதால் தனியாகப் படிக்கிறவருக்கு அது ஒன்றே போதும். பிடித்துப்போனால் இரண்டாம் தொகுதி, அதில் 'டாப் கேர்ள்ஸ்', 'ஃபென்', 'சீரியஸ் மனி' மூன்றும் சேர்ந்தே வந்துவிடும். 'கிளவுட் நைன்' முதல் தொகுதியில் இருக்கிறது. எண் வரிசைப்படி வாங்கலாம் என்று அதில் ஆரம்பித்துவிடாதீர்கள்.